கடல் இடது கைப் பக்கம்

மோட்டலை விட்டு மூன்று மைல் வந்த பிறகுதான் செருப்பு கடிப்பது தெரிந்தது. யாரும் துரத்தவில்லை, இருந்தும் வேகமாக நடந்து வந்திருக்கிறேன். முதலாளியின் மச்சான் ஊரிலிருந்து வந்துவிட்டான், அறைகளைப் பெருக்க இனி அவன் இருக்கிறான், அதனால் நான் வேண்டாம். சண்டை ஒன்றும் இல்லை. துணிப்பையையும், யாரோ ஒருவர் அறையில் விட்டுப்போன மஞ்சள் மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டு டேலி சிட்டியிலிருந்து வடக்கே, சான் பிரான்சிஸ்கோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. ஓக்லண்ட் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி, திரும்ப ஏறாமல் ஒன்றரை வருடம் ஓடியிருந்தது.

வேலையில்லாத நாளில் நான் ஊர் பார்ப்பேன். அந்தப் பழக்கம் சிங்கப்பூரில் வந்தது. அங்கே கப்பல் பட்டறையில் ஒரு வேலை முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். விடியற்காலையில் தாவரத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். சீனக் கிழவர்கள் தண்ணீருக்குள் நிற்பவர்கள் மாதிரி மெதுவாகக் கையை அசைத்து உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். வெயில் ஏறினால் நீர்த்தேக்கத்து மரநிழல், அங்கே குரங்குகள் பையைப் பிடுங்கும். மத்தியானம் கோயில் சாப்பாடு. சாயங்காலம் குன்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும். எதற்கும் டிக்கெட் கிடையாது. அறையில் உட்கார்ந்திருந்தால் கவலை வரும். நடந்தால் பசி மட்டும்தான் வரும்.

புது ஊருக்குப் போனால் கடல் எந்தப் பக்கம் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்வேன். எனக்கு நாகப்பட்டினம். அங்கே கடல் கிழக்கு. சிங்கப்பூரில் தெற்கு. இங்கே மேற்கு. அது தலைக்குத் தெரியும், உடம்பு மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. கடலைப் பார்த்து நின்றால் இன்னும் சூரியன் அங்கிருந்துதான் வரப்போகிறது என்று தோன்றும்.

அன்று சூரியனே இல்லை. ஆடி மாதத்து மூடுபனி. ஊரில் நாய்கூட நாக்கைத் தொங்கப்போடுகிற மாதத்தில் அந்தக் கரையில் பல் கிட்டித்துப்போகும். சான் பிரான்சிஸ்கோவின் பெரிய பூங்காவுக்குள் நுழைந்தபோது ஒன்பது மணி இருக்கும். வேலிக்குப் பின்னால் காட்டெருமைகள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும், அதுவும் இலவசம்தான். ஏழெட்டு நின்றன. பனியில் கால்கள் தெரியவில்லை, தலையும் திமிலும் மட்டும் தெரிந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றுகூட மேயவில்லை. அவை பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. அங்கே அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை.

பூங்கா முடியும் இடத்தில் வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு காற்றாலைகள். வடக்கே இருப்பதைக் கடந்து சாலையைத் தாண்டினால் கடற்கரை. மணலில் இறங்கி, கடல் இடது கைப் பக்கம் இருக்க, வடக்கே நடந்தேன். பத்தடிக்கு மேல் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அலை வருவது காதுக்குத்தான் தெரிந்தது. எங்கோ தூரத்தில் மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்க ஊதும் சங்கு நிமிடத்துக்கு ஒரு தடவை முனகியது. கப்பலில் இருந்தவனுக்கு அது பழகிய சத்தம். ஆனால் அதைக் கரையில் நின்று கேட்பது வேறு.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பீ!"

தமிழ். ஒன்றரை வருடத்தில் அந்த ஊர்த் தெருவில் என் காதில் விழாத சொல்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளில்லாத இடத்தில் பின்னாலிருந்து குரல் கேட்டால் மூன்றாம் தடவை கூப்பிடும்வரை திரும்பக் கூடாது. மனிதன் என்றால் மூன்றாவதாகவும் கூப்பிடுவான், மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். இதை நான் நம்புகிறேனா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் கழுத்து திரும்பவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டது. இன்னும் பக்கத்தில், கொஞ்சம் தாழ்ந்த குரலில். "தம்பி, நில்லு."

நிற்காமல் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. மணலிலிருந்து மேலே ஏறும் கடைசிப் படிக்கட்டு தெரிந்ததும் ஏறி, மேட்டுச் சாலையில் கிட்டத்தட்ட ஓடினேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் பழைய நீச்சல் குளம் ஒன்று இடிந்து கிடக்கும். அதன் சுவரில் உட்கார்ந்து பையிலிருந்த ரொட்டியைத் தின்றேன். பசியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் காதில் என்னவெல்லாமோ விழும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்திருப்பேன்.

திரும்பி இறங்கி வரும்போது கடற்சுவர் ஓரமாக ஒருவன் ஓடி வந்தான். முப்பது வயது, கண்ணாடி, மெல்லிய சட்டை. பின்னால் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.

"எக்ஸ்க்யூஸ் மீ, ஹேவ் யூ சீன்..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்தான். "நீங்க தமிழா?"

"ஆமா சார்."

"எங்க அப்பாவைக் காணோம். ஒரு ப்ரவுன் ஸ்வெட்டர், மங்கி கேப். பாத்தீங்களா?"

"எப்ப இருந்து?"

"காலையில இருந்து. இன்னைக்கு ஆடி அமாவாசை. எள்ளும் தண்ணியும் இறைக்கணும், கடல்லதான் இறைக்கணும்னு ஒரே பிடிவாதம். பேபிக்கு ரொம்ப குளிர்ந்துச்சு. அவரை நார்த் விண்ட்மில் எதிர்ல இறக்கி விட்டுட்டு, சவுத் விண்ட்மில் கிட்ட கார் பார்க் பண்ணிட்டு வெயிட் பண்ணினோம்."

"வெயிட் பண்ணினோம்னு சொல்லாதீங்க," என்றாள் அவள். "ஹீட்டர் போட்டுக்கிட்டு ரேடியோ கேட்டோம்னு சொல்லுங்க. தனியா விடாதீங்க, மாமா வந்து எட்டு நாள்தான் ஆகுதுன்னு நான் தலையா அடிச்சுக்கிட்டேன்."

"க்ளியரா சொல்லிட்டுத்தான்டி போனேன்! முடிச்சிட்டு அப்படியே கரையோரமா தெற்க நடந்து வாங்கப்பா, அரை மைல்தான்னு. டெய்லி மெரினாவுல வாக்கிங் போற மனுஷன். தெற்கு எதுன்னு தெரியாதா அவருக்கு? சவுத்ல ரெண்டு மைல் தேடியாச்சு."

"சார், மெரினாவுல தெற்க நடந்தா கடல் எந்தப் பக்கம் இருக்கும்?"

அவன் இடது கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. எங்களுக்கு முன்னால் பனிக்குள் அலை அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கடலை இடது கையில் வைத்து நடந்தால் வடக்கேதான் போகலாம்.

"இஸ் தாத்தா லாஸ்ட்?" என்று குழந்தை கேட்டது.

நான் கேட்ட குரலைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "வடக்க போய்ப் பாப்போம்" என்று மட்டும் சொன்னேன். அவள் போலீஸுக்கு போன் பண்ண மேட்டுக்கு ஓடினாள். அந்த நாட்டில் தங்கக் காகிதம் இல்லாத எனக்குப் போலீஸ் என்ற சொல் கேட்டாலே கால் தானாக விலகும். அன்று விலகவில்லை.

கடைசிப் படிக்கட்டில் நான் மணலை விட்டு ஏறியிருந்தேன். ஏறாமல் தண்ணீர் ஓரமாகவே போனால் மணல் முடிந்து பாறை தொடங்கும். காலையில் அங்கே அகலமாக மணல் இருந்திருக்கும், இப்போது அலை பாறையிலேயே மோதியது. மகன் கரையில் நின்று "அப்பா, அப்பா" என்று கத்தினான். கடல் அந்தச் சத்தத்தை வாயிலேயே பிடுங்கிக்கொண்டது. நான் பாறைமேல் தவழ்ந்து வளைவைத் தாண்டினேன். கப்பலில் வழுக்கும் தளத்தில் நடந்த பழக்கம் உதவியது.

"ஐயா!" என்றேன். ஒன்றும் இல்லை.

"ஐயா!"

ஒன்றும் இல்லை. இதற்குள் தண்ணீர் முழங்கால்வரை வந்து என்னைப் பின்னால் இழுத்தது. ஆள் போய்விட்டார் என்றே முடிவு செய்தேன். மூன்றாவதாகக் கூப்பிட்டது நம்பிக்கையில் அல்ல, பயத்தில்.

"இங்க இருக்கேன்," என்று கையெட்டும் தூரத்தில் ஒரு குரல் வந்தது.

பாறையில் ஒரு குழிவு. அதற்குள் குந்தி உட்கார்ந்திருந்தார். குரங்குக் குல்லாய் நனைந்து ஒட்டியிருந்தது. உதடு நீலம். வலது கையில் பிலிம் சுருள் வரும் சின்ன டப்பா, அதில்தான் எள் கொண்டுவந்திருக்கிறார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேனே ஐயா, பதில் குடுக்கக் கூடாதா?"

"மூணாவதுக்குத்தான் இருந்தேன்," என்றார். பல் கிடுகிடுவென்று அடித்தது. "இந்த இடத்துல எது கூப்பிடுதுன்னு எப்படித் தெரியும்?"

மழைக்கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டு, இடுப்பைப் பிடித்து, அலை பின்வாங்கும் நேரமாகப் பார்த்து நகர்த்திக் கொண்டுவந்தேன். மகன் மார்பளவு தண்ணீரில் வந்து வாங்கிக்கொண்டான். படிக்கட்டில் உட்கார வைத்ததும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கிழவர் அவன் தலையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே மஞ்சள் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது உன்னோடதா?"

"ஆமா ஐயா."

"காலையில எனக்கு முன்னாடி போனது நீதானா? மஞ்சளா ஏதோ தெரிஞ்சுது. அதைப் புடிச்சுக்கிட்டே வந்தேன்."

மகன் போர்வை எடுக்க காருக்கு ஓடியிருந்தான். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "நான்தான் ஐயா. நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. ரெண்டு தடவையோட நிறுத்திட்டீங்க. அதான் திரும்பல. மன்னிச்சுருங்க."

அவர் கோபப்படவில்லை. என்னையே பார்த்தார்.

"நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன்."

"இல்ல ஐயா, ரெண்டாவது பக்கத்துல கேட்டுச்சு. 'தம்பி, நில்லு'ன்னு."

"தம்பீன்னு ஒரே தடவை. அதுக்கே மூச்சு வாங்கிருச்சு. பேசாம உன் பின்னாடியே வந்துடலாம்னு வந்தேன்." நனைந்த குல்லாயைக் கழற்றிப் பிழிந்தார். "நில்லுன்னா சொல்லுச்சு?"

"ஆமா."

"நின்னிருந்தா நான் எட்டிப் புடிச்சிருப்பேன்," என்றார். இதை என்மேல் குறையாகச் சொன்னாரா, அந்தக் குரல் யார் பக்கம் என்று கணக்குப் போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சைரன் வந்தது. போலீஸ்காரர் என் பெயரைக் கேட்கவில்லை, கையைக் குலுக்கினார். மருத்துவமனைக்கு வேண்டாம் என்று கிழவர் அடம்பிடித்தார். எல்லாரும் அவர்கள் காரில் ஏறினோம். என்னையும் இழுத்துக்கொண்டார்கள். வளைகுடாவைத் தாண்டி ஃப்ரீமாண்ட்டில் அவர்கள் வீடு. ரசம் சோறு போட்டு, வரவேற்பறையில் படுக்கை விரித்தார்கள். கட்டிப்போட்டது போலத் தூங்கினேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மகன் கேட்டான். "எங்க ரெண்டு பேருக்கும் ஆபீஸ். பேபி டேகேர்ல இருக்கும். அப்பா ரிட்டர்ன் போற வரைக்கும் நாலு மாசம் அவர்கூட இருப்பீங்களா? வெளியில கூட்டிட்டுப் போங்க. இங்க லேக் இருக்கு, ஹில்ஸ் இருக்கு, எல்லாமே ஃப்ரீ."

அதுவரை நான் சும்மா செய்துகொண்டிருந்ததைச் செய்யச் சம்பளம். சரி என்றேன்.

"கடல் பக்கம் மட்டும் வேண்டாம்," என்றாள் மருமகள் காரில் ஏறிக்கொண்டே. "அவர் கேப்பார். நோ சொல்லிடுங்க. ப்ராமிஸ்?"

அதற்கும் சரி என்றேன்.

வளைகுடாவின் அந்தக் கரையில் பனி கிடையாது. ஒன்பது மணிக்கே நல்ல வெயில். ஏரியை ஒரு சுற்று வந்தோம். வாத்துகள் வழி மறித்தன, கிழவர் அவற்றைத் திட்டினார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் சூரியனைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நேத்து கடலை இடது கைப் பக்கம் வச்சுத்தான் எள் இறைச்சேன். அது தெற்குதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல ஐயா, வடக்கு."

அவர் முகம் சுருங்கியது. "எங்க அப்பா, அம்மா, அவங்களுக்கு மேல இருக்கறவங்க, எல்லாரும் தெற்க இருக்காங்க. நான் வடக்கப் பார்த்து, வாங்கன்னு கூப்பிட்டேன். தண்ணி குடுத்தேன்."

"தெரியாமத்தானே ஐயா செஞ்சீங்க."

"கூப்பிட்டா, குடுத்துட்டு, போய்ட்டு வாங்கன்னு அனுப்பி வைக்கணும். அலை வந்துச்சு, எழுந்துட்டேன். அனுப்பல." குரலைத் தாழ்த்தினார், ஏரியில் யாரோ ஒட்டுக்கேட்பது போல. "வந்தது யாரோ, அது இன்னும் அங்கயே நிக்கும். போய் அனுப்பிட்டு வரணும்."

வேலையில் சேர்ந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்களைத் தாண்டி ஓடிய ஒரு வெள்ளைக்காரியை நிறுத்தி, சான் பிரான்சிஸ்கோ போக பஸ் எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டேன்.