தண்ணிப்புலி அஞ்சிய சவர்க்காரம்

இன்று கடையில் துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியின் வாசனை பட்டதும், இலங்கையில் ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்த, இப்போது தூர்ந்துபோன குளமும், அதில் நானும் பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் செல்வியும் கற்பனையில் வளர்த்த தண்ணிப்புலியும் நினைவுக்கு வந்தன. காடெல்லாம் தேயிலையாகிவிட்டதால் குளத்தில் இறங்கிய சிறுத்தை அது. தலைமுறை தலைமுறையாக நீரிலேயே வேட்டையாடி, விரலிடையில் தோல் படர்ந்து, வால் துடுப்பாகி, கண்கள் உச்சந்தலைக்கு ஏறியிருந்தன. கொழுந்து பறிக்கும் எங்கள் அம்மாக்கள் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் பூசும் சவர்க்காரத்துக்கு மட்டுமே அது அஞ்சும் என்று நம்பி, ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தோம். அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறப் போகும் குடும்பங்களில் செல்வியுடையதும் சேர்ந்தபோது, தன் சவர்க்காரத் துண்டை என்னிடம் தந்தாள்.

"தெரியாத ஊர்ல எப்படி இருப்ப?" என்று அழுதேன்.

"புலி பொழைக்கலையா? எனக்கும் ஏதாச்சும் மொளைக்கும்" என்றாள்.