அளவுக் குச்சியில் தெரியாத எண்ணெய்

என் வண்டிக்கு நானே ஆயில் மாற்றத் தொடங்கியது ஆசையினால் அல்ல, ஆத்திரத்தினால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பரவாயில்லையே, லேடீஸ் நீங்களே செய்றீங்களா" என்று யாராவது சிரித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. விடிந்ததும் கிளம்பி, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றி, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கணவர் ரயிலில் வேலைக்குப் போகிறவர் என்பதால் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் என் கைக்கு வந்தது. அது நின்றால் என் வேலையும் நின்றது.

முதலில் அதை பைபாஸ் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம்தான் விட்டுக்கொண்டிருந்தேன். ஆயில் மாற்றியாகிவிட்டது என்பார். இரண்டே வாரத்தில் இன்ஜின் கரகரக்கும். போய்ச் சொன்னால், "நீங்க கியர் போடத் தெரியாம ஓட்றீங்க மேடம்" என்பார். ஒருமுறை வண்டியை விடுவதற்கு முன்னால், இன்ஜினுக்கு அடியில் ஆயில் வடிக்கிற போல்ட்டின் மேலும் அதை ஒட்டிய இரும்பின் மேலும் சேர்த்து ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிட்டுப் போனேன். போல்ட்டைத் திருகினால் பாலிஷ் விரிசல் விட்டுவிடும். சாயங்காலம் போய்க் குனிந்து பார்த்தேன். சிவப்பு வைத்தபடியே இருந்தது.

"ஆயில் மாத்திட்டீங்களா அண்ணா?"

"ஆங், மாத்தியாச்சு மேடம். புதுசு ஊத்தியிருக்கேன். நீங்க மெதுவா ஓட்டுங்க."

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் பதறவில்லை. வீட்டில் இருக்கிற ஆம்பளையை அனுப்பச் சொன்னார். அன்றைக்கே பஜாரில் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றும் புனல் ஒன்றும் வாங்கினேன். உடைந்த கைப்பிடியோடு கிடந்த பிளாஸ்டிக் பேசினை வடிப்பதற்கு எடுத்துக்கொண்டேன்.

அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் பேசினை வைத்துவிட்டு போல்ட்டைத் திருக வேண்டும். கறுப்பாகக் கொட்டும். கடைசிச் சொட்டு விழும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இங்கேதான் கெடும். பிறகு புது வாஷர் போட்டு போல்ட்டை முடுக்கி, மேலே புதுசை ஊற்றி, மூடியோடு சேர்ந்திருக்கிற அளவுக் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்து அளவு பார்த்தால் முடிந்தது. என் வண்டி சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. ஓட்டத் தெரியாதவள் என்று இரண்டு வருஷம் என்னையே நம்பவைத்திருந்தார்களே என்று அப்போதுதான் கோபம் இன்னும் அதிகமானது.

அதன் பிறகு தினமும் காலையில் கிளம்பும் முன் குச்சியை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுவேன். பூட்டைத் திறப்பது மாதிரி அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது.

சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்றினேன். திங்கட்கிழமை பாவா வந்தார். பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பொதட்டூர்பேட்டையில் வீட்டோடு நாலு பவர்லூம் தறி வைத்து லுங்கி நெய்கிறார். அவர் வண்டி ரிப்பேரில் கிடந்ததால் ஒரு நாளைக்கு என் வண்டியைக் கேட்டார். எனக்கு அடுத்த நாள் லீவு. கொடுக்க மனசில்லை. ஆனால் என்னோடு இருக்கிற அம்மா அதற்குள் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை கேட்டால் அப்படித்தான். உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நாற்காலி தர வேண்டும், அவர் தட்டில் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தோசை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. பளபளவென்று துடைத்திருந்தார், நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் கிருத்திகை. மலைக்குப் போக வேண்டும் என்று பாவா எங்கள் வீட்டிலேயே தங்கினார். காலையில் அவருக்கு வெந்நீர், காபி, கோயிலுக்குத் தேங்காய் பழம் என்று அம்மா என்னை ஓடவிட்டதில் நேரமாகிவிட்டது. குச்சியைப் பார்க்காமல் கிளம்பினேன்.

அம்மையார்குப்பத்தில் அன்று எனக்கு முக்கியமானவர் ஒரு நெசவுக்கார அக்கா. ஐம்பது வயசு இருக்கும். கண்ணில் புரை விழுந்து, அறுந்த இழை தெரியாமல் விரலால் தடவித் தடவி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கண் ஆஸ்பத்திரி பஸ் அன்று மதியம் ஊருக்கு வரும். சர்க்கரை ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொள்வார்கள். அவருக்கு நரம்பு சுலபமாகக் கிடைக்காது. மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. "பஸ்ஸுக்கு முன்னாடி ரிப்போர்ட் உங்க பையன் போனுக்கு வந்துடும் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் ஆர்.கே. பேட்டை தாண்டி வண்டி இழுக்கவில்லை. முறுக்கினால் சத்தம்தான் ஏறியது, வேகம் ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. இரண்டு முறை திக்கிவிட்டு நின்றுபோனது. மறுபடி உதைத்தால் உயிரே இல்லை. வெயிலில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்று ஒரு ஷேர் ஆட்டோ பிடித்தேன். அது கிருத்திகைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. முன்னால் காவடி, பக்கத்தில் மொட்டைத் தலைகள், நகர வழியில்லை. ஆட்டோவுக்குள் நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன், ஆத்திரத்தில். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் தண்ணீர்தான் இருந்தது. ரத்தம் கெட்டுவிட்டது, மறுபடி எடுத்துவரச் சொன்னார்கள். அதற்குள் கண் ஆஸ்பத்திரி பஸ் வந்து போயிருந்தது.

லுங்கிக் கட்டு ஏற்றிவந்த ஒரு லோடு ஆட்டோவில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உடையைக்கூட மாற்றாமல் பேசினை வைத்து போல்ட்டைத் திறந்தேன். மூன்று நாள் முன்னால் நான் ஊற்றியது தேன் மாதிரி கெட்டியாக விழ வேண்டும். தண்ணீராகக் கொட்டியது. பேசின் நிறைந்து வழிந்து வாசல் சிமெண்டில் ஓடியது. குனிந்ததும் வாசனை தெரிந்தது. தறிக்கொட்டகையில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு அது தெரியாமல் போகுமா.

தறிக்கு யாரும் எண்ணெயை வடித்து மாற்றுவதில்லை. காலையில் எழுந்ததும் எண்ணெய் டப்பாவை எடுத்து மூட்டுக்கு மூட்டு விட்டுக்கொண்டே போவார்கள். காய்ந்த மாதிரி தெரிந்தால் இன்னும் கொஞ்சம். அதிகமானால் அதுவே கீழே சொட்டிவிடும். இன்ஜினில் அது எங்கே போய்ச் சொட்டும்?

உள்ளே பாவா நெற்றி நிறைய விபூதியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பாவா, வண்டில எண்ணெ ஊத்தினீங்களா?"

"ஆங். சொல்ல மறந்துட்டேன் பாரு. குச்சிய எடுத்துப் பாத்தேன், ஒண்ணுமே ஒட்டல. தறிக்கு வெச்சிருந்தத ஊத்தி உட்டேன்."

"அது புது ஆயில் பாவா. ஞாயித்துக்கெழமதான் மாத்தினேன். தெளிவா இருக்கும், பாத்தா தெரியாது. வெளிச்சத்துல சாச்சிப் பாக்கணும்."

"நீ மாத்தினன்னு உங்கம்மா சொன்னாங்க. அதான் பத்தாம ஊத்தியிருப்பன்னு நெனச்சேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாக எரித்தது. அந்த மெக்கானிக்காவது பொய் சொன்னார். இவருக்கு நான் தப்பாகச் செய்திருப்பேன் என்பது, கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட அவசியமில்லாத உண்மை.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் இல்ல? எடுத்துகினு போனது நீங்க. எடுத்துகினு போனவங்கதான் பதில் சொல்லணும். அங்க ஒருத்தருக்குக் கண் ஆபரேஷனே போச்சு."

பாவா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். சோறு பாதி அப்படியே இருந்தது. அவர் வெளியே போனதும் அம்மா என் கையைப் பிடித்தாள். "மாப்ளய சாப்புடற எடத்துல எழுப்பிட்டியே. அங்க உங்கக்கா வாழ வேணாமா? ஓடிப்போய் ஒரு வார்த்த மன்னிப்புக் கேளு." நான் போகவில்லை. சாயங்காலம் என் அக்கா போன் செய்து அழுதாள். அப்போதும் கேட்கவில்லை.

பழையதை முழுக்க வடித்து, மலிவான ஆயில் கொஞ்சம் ஊற்றி அலசி, அதையும் வடித்து, எண்ணெய் குடித்துக் கிடந்த ஏர் ஃபில்டரைக் கழற்றி வீசிப் புதுசு போட்டேன். கை முழங்கைவரை கறுத்தது. வண்டி பிழைத்துக்கொண்டது.

மறுநாள் காலை கெட்டுப்போன ரத்தத்துக்கு உரியவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். நெசவுக்கார அக்காவின் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன், பயத்தில்தான். அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் குத்திய இடம் நீலமாகக் கன்றியிருந்தது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"எங்க பாவா செஞ்ச வேல அக்கா" என்று ஆரம்பித்தேன். தறி எண்ணெய், குச்சி, புகை, கிருத்திகைக் கூட்டம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவரும் தறிக்காரர் ஆயிற்றே, என் கோபம் நியாயம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் முழுக்கக் கேட்டார்.

"உங்க பாவா யாருன்னே எனக்குத் தெரியாது. என் ரத்தத்த எடுத்துகினு போனது நீ."

நேற்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நான் சொன்ன அதே பேச்சு. பாவாவிடம் அத்தனை கேட்டேனே, காலையில் குச்சியை எடுத்துப் பார்க்காமல் கிளம்பியதை மட்டும் அம்மாவிடமோ என் அக்காவிடமோ வாய் திறந்து சொல்லவில்லை. பார்த்திருந்தால் எண்ணெய் அளவு மிஞ்சியிருப்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும், வண்டியை விட்டுவிட்டு முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். பாவா மேல் கோபம் போகவில்லை, இன்றும் போகவில்லை. ஆனால் அதை இந்த வீட்டு வாசலுக்குள் கொண்டுவர எனக்கு உரிமை இல்லை.

"காலைல வண்டியப் பாக்காமயே வந்துட்டேன் அக்கா. தப்பு என்னுது."

அவர் கன்றாத கையில் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அந்தக் கையை என் முன்னால் நீட்டினார்.

"இந்தத் தடவையாவது பாத்துகினு குத்து" என்றார்.