விட்டுப்போன முழு எண்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தினக் காலண்டர் தாள் கிடக்கிறது. நல்ல நேரம் ஒன்பதரை முதல் பத்தரை என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் தூக்கிப் போட மனம் வந்ததில்லை.

தாள் மதினியுடையது. தென்காசியில் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை. பத்தாவது தேறினால் அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம், ஆனால் வயது வரம்பு முடிய ஒரே வருடம்தான் மிச்சம். தனித்தேர்வராக எழுதி மற்ற பாடங்களை எல்லாம் தாண்டிவிட்டாள். கணக்கு மட்டும் நின்றது. நான் கணக்கு டீச்சர் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

வட்டம், முக்கோணம் எல்லாம் சொன்னதும் பிடித்துக்கொள்வாள். பின்னம் வரும் சமன்பாட்டில்தான் என் உயிரை எடுத்தாள். அண்ணன் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் அவளுடைய நோட்டு. x/2 + 3 = x/3 + 5 என்று எழுதிக் கொடுத்தால், கீழே இருக்கும் இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவாக ஆறு என்று சரியாகக் கண்டுபிடிப்பாள். பின்னங்களை ஆறால் பெருக்கி அழகாக 3x, 2x என்று எழுதுவாள். பக்கத்தில் இருக்கும் மூன்றையும் ஐந்தையும் மட்டும் தொடவே மாட்டாள். விடை இரண்டு என்று வந்து நிற்கும்.

"மதினி, பெருக்குனா எல்லாத்தையும் பெருக்கணும். தனியா நிக்கிற நம்பரையும் சேத்து."

"ஏட்டி, அதுதான் முழுசா இருக்கே. கீழ ஒண்ணும் இல்லாததப் போட்டு எதுக்குப் பெருக்குத?"

நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நூறு தடவையும் இதே கேள்விதான். ஒரு நாள் பென்சிலை வீசிவிட்டேன். அவள் அதை எடுத்து, சீவி, என் கையிலேயே கொடுத்தாள். அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

மறுதேர்வு சாரல் காலத்தில் வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் எங்கள் வீட்டில் உறவினர் விழுவார்கள். முந்தின நாளே ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். தேர்வு மையம் கடையநல்லூரில், பத்து மணிக்குத் தொடக்கம். மதினிக்காக அண்ணன் ஒரு வேன் பேசி வைத்திருந்தான். காலையில் விருந்தாளிகள், கூட்டம் சேரும் முன் அருவிக்குப் போய்விடலாம் என்றார்கள். யார் முன்னால், யார் பின்னால், யார் மடியில் எந்தக் குழந்தை என்று பட்டியல் போட்டவள் நான். எண்ணெய், துண்டு, மாற்றுத் துணி, ஒன்றும் விட்டுப்போகவில்லை. அண்ணனையும் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். எங்களை இறக்கிவிட்டு ஒன்பதுக்குள் வேன் திரும்பிவிடும் என்று மதினியிடம் சொன்னேன். எங்களுக்கு இட்லி அவித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் தலையாட்டினாள்.

வேன் அருவிச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டது. மதினி ஒன்பதரை வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸைப் பிடித்து ஓடியிருக்கிறாள். போய்ச் சேரும்போது பத்தே முக்கால். அரை மணி தாண்டினால் உள்ளே விட மாட்டார்கள். விடவில்லை.

ஈரத் தலையோடு நாங்கள் திரும்பியபோது அவள் மதியச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள். "விடுட்டி. எனக்கென்ன, நான் நல்லாத்தான இருக்கேன்."

முழுசாகத்தானே இருக்கிறது என்ற அதே குரல். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று நாங்கள் எல்லாரும் எப்போது முடிவு செய்தோம் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தாள் சாயந்திரம் அடுக்களை அலமாரியில் கிடைத்தது. வேனுக்காகக் காத்திருந்த நேரத்தில் அன்றைய தேதியையே கிழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். 3x + 18 = 2x + 30. விடை பன்னிரண்டு. இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது என்று சரிபார்த்தும் வைத்திருக்கிறாள்.

அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது. மதினி இன்னும் அதே கூடத்தில் சாம்பார் கிண்டுகிறாள். இன்றும் என் மேசையில் விடைத்தாள் கட்டு. பிள்ளைகள் முழு எண்ணைத்தான் விட்டுவிடுகிறார்கள். சிவப்பு மையில் வட்டம் போட்டு, இதையும் பெருக்கு என்று எழுதுகிறேன். எழுதிவிட்டுக் கண்ணாடிக்கு அடியிலிருக்கும் தாளை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். அதில் சிவப்பு மை வைக்க ஓர் இடமும் இல்லை.