மீனா மூன்றாவது சீசனைப் போட்ட நாள்

என் தம்பி முனியராஜுக்கு பீடி கிடையாது, குடி கிடையாது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துகிற வேலை. சாயங்காலம் ஆமத்தூருக்கு வந்து குளித்துவிட்டு, சோற்றுத் தட்டுக்கு எதிரே உப்பு ஜாடியில் செல்போனைச் சாய்த்து வைத்து ஒரு தொடர் பார்ப்பான். அது ஒன்றுதான் அவன் பழக்கம்.

வெள்ளைக்காரர்கள் எடுத்த தொடர். தமிழில் பேச வைத்திருந்தார்கள். ஆர்லன் என்று ஒருத்தன். பகலில் பஸ் ரிப்பேர் பார்ப்பான். ஊருக்கு ஒரு ஆபத்து என்றால் பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு பறப்பான். மொத்தம் ஐந்து சீசன். தம்பி இரண்டை முடித்திருந்தான்.

பங்குனியில் மருந்து அறையில் பொறி பற்றிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அது அம்மன் செயல். தம்பிக்குக் கை, மார்புக் காயமெல்லாம் ஆறியது. வலது கண் அன்றைக்கே போய்விட்டது. இடது கண்ணுக்கு மதுரையில் ஆபரேசன் செய்து கட்டுப் போட்டார்கள்.

கட்டோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்க்க, கூட வேலை செய்கிற சரவணக்குமார் அடிக்கடி வருவான். அவன் ஐந்து சீசனையும் பார்த்து முடித்தவன். வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, மூணாவதுல அந்தப் பொம்பள போலீசு இருக்குல்ல..."

"ஏலே, வாயத் தொறந்த, இந்தக் கட்டோட எந்திரிச்சு வந்து மிதிப்பேன்லே. நான் என் கண்ணால பாக்கணும்."

தம்பி சம்சாரம் அழகுமீனா அந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டே சொல்வாள். "அது எங்கயும் ஓடிராது மச்சான். கட்டு அவுக்கட்டும், நீங்களே பாப்பீக." எப்போது பார்ப்பேன் என்று தினமும் அவன் கேட்பான், தினமும் அவள் இதையே சொல்வாள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. "அக்கா, இந்தக் கண்ணும் போச்சுன்னா நான் இருந்து என்னத்துக்கு?" அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் மீனாவுக்கும் அவனைத் தனியாக விடப் பயம். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டேன். எத்தனையோ பேருக்குக் கண் கொடுத்தவள் அவள்.

வைகாசியில் மதுரைக்குப் போனோம். கட்டை அவிழ்த்து, விளக்கடித்துப் பார்த்தார்கள். தம்பியைச் சரவணக்குமாரோடு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, டாக்டரம்மா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"நரம்பு செத்திருச்சும்மா. வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு தெரியும். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. அவர்கிட்ட பக்குவமா நீங்களே சொல்லிருங்க."

பக்குவம் என்றால் என்ன பக்குவம்? பஸ்ஸில் அவன், "என்ன சொன்னாக?" என்று கேட்டான். மீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொட்டு மருந்து ஊத்தச் சொல்லியிருக்காக. நாள் ஆகுமாம்" என்றாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம். பெட்டி ஒட்டுகிற பசையைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு வந்த மீனா, செல்போனை எடுத்து உப்பு ஜாடியில் சாய்த்தாள்.

"மச்சான், மூணாவது சீசன் போடட்டுமா? நான் பாத்துப் பாத்துச் சொல்லுதேன். நீங்க கேட்டுக்கிடுங்க."

தம்பி கையை நீட்டி உப்பு ஜாடியைத் தடவிப் பார்த்தான். பிறகு, "போடு" என்றான்.

அவள் ஆயுசுக்கும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முதல் இரண்டு நாள் பெரிய கூத்து.

"பச்சைச் சட்டைக்காரன் மச்சுலருந்து குதிக்கான்."

"அவனுக்குப் பேரு இருக்கு புள்ள. ஆர்லன்."

"சரி, ஆர்லன் குதிக்கான். இம்புட்டு ஒசரம் பறக்கான், சட்டையில ஒரு கிழிசல் இல்ல. யாரு தச்சுக் குடுத்தாளோ."

"கதையச் சொல்லுடி, தையல்காரியப் பத்திப் பெறகு பேசலாம்."

"கதைதான் சொல்லுதேன். ஒரு கெழவன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கான்."

"கெழவனா? தாடி வச்சவனா, வைக்காதவனா? கையில மோதிரம் இருக்கா பாரு!" என்று தம்பி எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

கண் போனில், கை பெட்டியில் என்றால் வேலை எப்படி ஓடும்? ஒரு நாள் ஒரு கட்டு முழுக்க லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். பெட்டி எடுக்க வந்த மேஸ்திரி அத்தனையையும் திருப்பிப் போட்டுவிட்டு, "என்ன தாயி, இந்தத் தீபாவளிக்கு ஊரே தலைகீழா நின்னு வெடிக்கணுமா?" என்று கேட்டான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தச் சிரிப்பை எப்படிக் கெடுப்பது என்றுதான் உண்மையைச் சொல்வதும் நாளுக்கு நாள் தள்ளிப்போனது.

மூன்றாவது முடிந்தது. நான்காவது முடிந்தது. மீனா நன்றாகவே சொல்லப் பழகிவிட்டாள். யார் முகம் சுருங்கியது, யார் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். ஒரு நாள் சரவணக்குமார் வந்தவன் வாசலில் நின்று இதைக் கேட்டான். உள்ளே வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

நான் தினமும் விளக்கேற்றி அம்மனிடம் அழுதேன். டாக்டரம்மாவுக்குத் தெரியாதது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். கண்மலர் வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். ஆடிக் கடைசி வெள்ளிக்குச் சாத்த வேண்டும்.

அதற்கு முந்தின நாள்தான் ஐந்தாவது சீசனின் கடைசிப் பகுதி. நானும் பெட்டி ஒட்ட உட்கார்ந்திருந்தேன். ஆர்லன் கடலுக்குள் விழுந்துவிட்டான். ஒரு சத்தமும் இல்லை. மீனாவும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"தூக்கி மணல்ல போட்டிருக்காக மச்சான்."

"பெறகு?"

"கண்ணு... கண்ணு முழிச்சிட்டான்."

போனிலிருந்து ஒரு பெண் ஓங்கி அழுகிற சத்தம் வந்தது.

"மீனா, அங்க இருக்கதைச் சொல்லு" என்றான் தம்பி.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "முழிக்கல. செத்துட்டான்."

"ம். இனி ஆஸ்பத்திரில சொன்னதைச் சொல்லு."

"சொட்டு மருந்து ஊத்தச் சொன்னாக..."

"மீனா."

அவள் கையில் பசை காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வராதாம் மச்சான்."

போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கையால் தடவி அதைக் கவிழ்த்து வைத்தான்.

"தெரியும். கட்டு போட்ட நாள்லருந்து 'நீங்களே பாப்பீக, நீங்களே பாப்பீக'ன்னு சொன்னவ நீ. மதுரைக்குப் போயிட்டு வந்த மறுநாளே 'நான் பாத்துச் சொல்லுதேன்'னுட்ட. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சும் ஏன்டா கேக்கல?"

"கேட்டா சொல்லிருவீகளே அக்கா."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. மீனா பசைக் கையோடேயே அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டையெல்லாம் பசை. அன்றைக்கு மூன்று பேரும் சாப்பிடவில்லை.

எனக்கு அம்மன் மேல் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மஞ்சள் முடிப்பை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வராத கண்ணுக்குக் கண்மலரை என்ன சொல்லிச் சாத்துவது? காலையில் நான் தனியாகப் புறப்பட்டபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "அக்கா, இரு. நாங்களும் வாரோம்."

இருக்கன்குடியில் கூட்டம் நெரிந்தது. தம்பி மீனாவின் தோளில் கை வைத்து நடந்தான். சந்நிதியில் முடிப்பை அவிழ்த்துக் கொடுத்தேன். கண்ணைக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. "இவனை என்கிட்ட இருக்க விடு தாயே" என்று மட்டும் கேட்டேன். அவன் என்ன கும்பிட்டானோ, தெரியாது. முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். தம்பி கேட்டான். "ஆத்துல தண்ணி போகுதா?"

மீனா என்னைப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள்.

"இல்ல மச்சான். வெறும் மணல்தான் கெடக்கு. நடுவுல ஊத்துத் தோண்டிப் பொம்பளைக தண்ணி மோந்துக்கிட்டு இருக்காக."

"எத்தனை பேரு?"

அவள் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.