ரசீமின் ஏழு கேன் பெட்ரோல்

என் கணவர் ரசீம் சாதுவான மனிதர். எங்கள் போஸ்னியாவில் சண்டை நடந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போக ஐந்து லிட்டர் பெட்ரோல் கிடைக்காமல் அவருடைய தங்கை மெலிஹா காரிலேயே இறந்துபோனாள். சண்டை ஓய்ந்ததும் நிலவறையில் ஏழு கேன் பெட்ரோலும் இரண்டு பெட்டி தோட்டாக்களும் சேர்த்துவைத்தார். இருபது வருடமாக ஒரு சொட்டுகூட எடுக்கவிடவில்லை.

போன பனிக்காலத்தில் ஒரு காலை எனக்குக் குடல்வால் வலி பொறுக்கமுடியவில்லை. கார் டேங்க் காலியாக இருந்தது.

"இதுக்குத்தானே வெச்சிருந்தேன்" என்று ஒரு கேனைக் கவிழ்த்தார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் எப்போதோ கெட்டுப்போயிருந்தது.

"மெலிஹா, கண்ண மூடாதே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

பக்கத்து வீட்டு மிலோராட் ஓடிவந்தார். சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றவர். அவருடைய ஆட்களுக்குப் பயந்துதான் அந்தத் தோட்டாக்கள்.

"பெட்ரோலையும் முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி ஊறப்போட்டியாடா? டிராக்டர் இருக்கு, என் தங்கச்சிய ஏத்து!"

அல்லாஹ் காப்பாற்றினான். நான் வீடு திரும்பியபோது கேன்களில் புதுப் பெட்ரோல் இருந்தது. தோட்டாக்களும் அப்படியே இருந்தன.

"அதையாவது போலீஸ்ல குடுத்துடுங்களேன்."

"அது கெட்டுப்போகாது, ஹய்ரியா" என்றார், மிலோராடின் டிராக்டர் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டே.