சின்னக் கல்

ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து பனிச்சறுக்குக்குப் போன எனக்கு அந்த மாரியில் வாய்த்தது பனியில்லாத வெறும் புல்வெளிதான். சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் ஓடவில்லை. சரிவில் ஒருவர் மட்டும் வாளியோடு குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார். நரைத்த தாடி. கைப்பகுதி மணிக்கட்டுக்கு எட்டாத, இளம்பெண்கள் போடும் ஊதாநிறக் குளிர்ச்சட்டை. அதன் ஸிப்பில் பழைய லிஃப்ட் டிக்கெட் ஒன்று தொங்கியது. முகத்தைப் பார்த்ததும் எங்கட ஆள் என்று தெரிந்தது.

“என்ன அண்ணை தேடுறியள்?”

“கல்லுப் பொறுக்கிறன் தம்பி. பனி மூடினாப் பிறகு ஒண்டும் தெரியாது.”

“அது லிஃப்ட்காரரின்ர வேலையெல்லோ?”

“ஓம், அவையும் பொறுக்கிறவை. பெரிசுகளை எடுத்துப்போட்டுச் சின்னதுகளை விட்டிடுவினம்.” வாளியைப் பார்த்தபடியே சொன்னார்: “என்ர பிள்ளையை விழுத்தினது சின்னக் கல்லுத்தான்.”

மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மறுவருடம் பனி கொட்டித் தீர்த்தது. எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டு சறுக்கினார்கள். நான் மேலே நின்று, முதல்முறையாக, காலடியில் என்ன கிடக்கிறதோ என்று யோசித்தேன். அவரைக் காணவில்லை. நிலமே தெரியாத இந்த நாட்களில் அந்தக் கைகள் என்ன செய்யும்?