சொக்கப்பனைக் கூட்டத்தில் ஒரு கை

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், நடந்தது நடந்ததுதான். அம்சவள்ளி கதை கட்டுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஐம்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு அறுபது என்று சொல்லக்கூடத் தெரியாதவள். அவள் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

1983, கார்த்திகை தீபம். ஜெயங்கொண்டத்தில் சிவன் கோயில் வாசலில் சொக்கப்பனை. வெட்டி வந்த பனைமரத்தை நட்டு, உச்சி வரைக்கும் காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்தும் சனம் வந்திருந்தது. எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

அத்தனை கூட்டத்திலும் அம்சவள்ளிக்கென்று ஒரு ஆள் இல்லை. பிள்ளை பிறக்கவில்லை என்று புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருஷம். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு. சாயங்காலம் பூட்டைத் திறந்தால் இருட்டு. ஒரு பிள்ளை தன்னை அம்மா என்று கூப்பிடாதா என்ற ஏக்கம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அதை மறைப்பானேன்?

எதிரே ஜவுளிக்கடைக் கடிகாரத்தில் மணி ஏழு பத்து. தீ வைத்தார்கள். ஓலை படபடவென்று பிடித்தது. “அரோகரா!” என்று கத்திக்கொண்டே கூட்டம் பின்னால் நகர்ந்தது.

அப்போதுதான் அவளுடைய இடது கையை ஒரு சின்னக் கை பிடித்தது.

குனிந்து பார்த்தாள். பெண் குழந்தை. ஐந்து வயது இருக்கும். சிவப்புப் பாவாடை. தீயையே பார்த்துக்கொண்டு நின்றது. பெற்றவள் என்று நினைத்துத் தன் கையைப் பிடித்துவிட்டது என்று அம்சவள்ளிக்குப் புரிந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எரிந்து முடிகிற வரைக்குமாவது இருக்கட்டுமே... பாவி மனசு.

அந்தக் கை சில்லென்றிருந்தது. அனலில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டுகிறது. அது மட்டும் சூடேறவே இல்லை.

தீ தணிந்ததும் கரியெடுக்கக் கூட்டம் பாய்ந்தது. அம்சவள்ளியும் ஒரு துண்டு எடுத்தாள். சுற்றி நின்ற தாய்மார்களைப் போலவே குழந்தையின் நெற்றியில் கரிப்பொட்டு வைத்தாள். பொட்டு ஒட்டவில்லை. திரும்பவும் வைத்தாள். நெற்றி வெறுமையாகவே இருந்தது. வெளிச்சம் பத்தவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மைக்கில் காணாமல் போனவர்களைக் கூப்பிட்டார்கள். உடையார்பாளையத்துப் பெரியவர் ஒருவர். அப்புறம் ஒரு பையன். சிவப்புப் பாவாடையை யாரும் கேட்கவில்லை.

ஏழு ஐம்பது.

“நம்ம வூட்டுக்குப் போலாமா?”

குழந்தை தலையாட்டியது. அம்சவள்ளி மைக் செட்டுப் பக்கம் போகவில்லை. தன் தெருவுக்குத் திரும்பினாள்.

தெருவில் ஆளே இல்லை. எல்லோரும் கோயிலில். இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் அகல்விளக்கு. காற்று அசையவில்லை.

“வூட்ல யாரு இருக்கா?”

“நான் மட்டுந்தான் கண்ணு.”

“அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க.”

“எவங்க?”

குழந்தை முன்னால் பார்த்தபடி நடந்தது.

பின்னால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம்.

கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

திரும்பிப் பார்த்தாள்.

அவள் நடந்து வந்த பக்கம் எல்லா விளக்கும் எரிந்தது.

குழந்தை நடந்து வந்த பக்கம்... ஒன்றுகூட எரியவில்லை.

கையை உதறினாள்.

“நீயுமா... அம்மா?”

அம்சவள்ளியை அம்மா என்று கூப்பிட்ட முதல் குரல் அதுதான்.

தெருவில் குழந்தையைக் காணோம்.

ஓடினாள். கோயில் வாசலில் மைக் செட்டுக்காரர் சாமிதுரை வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு பொம்பளப் புள்ளைங்க... சிவப்புப் பாவாடை... பயந்துபோயி கையை விட்டுட்டேங்க. மைக்ல சொல்லுங்க, பெத்தவங்க தேடுவாங்க.”

சாமிதுரையின் கை நின்றது.

“கை சில்லுன்னு இருந்துச்சா?”

அவள் தலையாட்டினாள்.

“ஏழு வருசமா இங்க நாந்தான் மைக் கட்டுறேன். வருசா வருசம் யாராச்சும் ஒரு அம்மா உங்கள மாதிரியே ஓடியாந்து, புள்ளைய விட்டுட்டேன்னு அழுவுறாங்க. நானும் தொண்டை கட்டுற வரைக்கும் மைக்ல கூப்ட்டுப் பாத்துட்டேன்.”

வயரைக் கீழே வைத்தார்.

“இதுவரைக்கும்... சிவப்புப் பாவாடை போட்ட எம்புள்ளையக் காணோம்னு ஒருத்தர்கூட வந்ததில்லம்மா.”